வரைபடத்தைக் காட்டிவிட்டு முற்பணம் கேளுங்கள்

"கஸ்டமருக்கு ஒண்டும் விளங்கிறேல்லை. கையெழுத்தையும் வைச்சுப்போட்டுப் பிறகு வந்து சண்டை பிடிக்கினம்."

இரும்புக் கொட்டகை செய்து விற்கிறவர்களோடு பத்து நிமிடம் கதைத்தால் இந்த வசனம் வந்துவிடும். வாங்கினவர் விளக்கமில்லாதவர், விற்றவர் பாவம், நடந்தது ஒரு சின்னக் கருத்துப்பிழை என்று கதை முடிந்துபோகும். இந்தக் கதையை நாங்கள் ஏற்கவில்லை. ஒருவருக்கு விளங்கக்கூடாத மாதிரி ஒரு தாளை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அவருக்கு விளங்கவில்லை என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். தூண், கைமரம், பேர்லின் எல்லாவற்றையும் பட்டறையிலோ தொழிற்சாலையிலோ அளவுக்கு வெட்டித் துளைபோட்டு, லொறியில் ஏற்றிவந்து, கொங்கிறீற் அத்திவாரத்தில் போல்ட் போட்டு நிமிர்த்தி, மேலே தகரம் அடிக்கிற கட்டடங்கள். போர் முடிந்த பிறகு ஏ9 வீதி நெடுக முளைத்தவற்றில் அரைவாசிக்கு இதுதான் உடம்பு. நெல் களஞ்சியம், வாகனம் திருத்துகிற கராஜ், கருவாடு பொதிசெய்யிற இடம், தையல் நிலையம், கலியாண மண்டபம், ரியூசன் கொட்டில். (பங்குனி வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே இரசாயனவியல் படித்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அந்தக் கோபம் வேறு.) கல்லால் கட்டுவதைவிடக் கெதியாக நிமிரும், நடுவில் தூண் இல்லாமல் அகலமான இடம் கிடைக்கும், தேவையென்றால் கழற்றியும் கொண்டுபோகலாம். கெட்ட சாமான் என்று நாங்கள் சொல்லவரவில்லை. சண்டை சாமானோடு இல்லை.

சண்டை இரண்டு விதமாக வரும். ஒன்று, சொன்ன நாளுக்கு வரவில்லை. மற்றது, வந்தது நாங்கள் கேட்டதில்லை. ஆட்கள் இதை இரண்டு முறைப்பாடாகப் பார்க்கிறார்கள். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். என்ன சாமான், எந்த நாளிலிருந்து எந்த நாளுக்குள் என்று எழுதாவிட்டால் எதுவும் 'பிந்தி' வந்ததாகவும் ஆகாது, 'பிழையாக' வந்ததாகவும் ஆகாது.

வழமையாக வருகிற கொட்டேசனை எடுங்கள். ஒரு பக்கம். மேலே வண்ணத்தில் சின்னம். கீழே: 30 அடிக்கு 60 அடி இரும்புக் கொட்டகை, உயரம் 12 அடி, நல்ல தரமான தகரம், சதுர அடிக்கு 2,500 ரூபா, மொத்தம் 45 இலட்சம், முற்பணம் 60 வீதம், 6 முதல் 8 வாரம். இலக்கங்களை உதாரணத்துக்குப் போட்டிருக்கிறோம். அதோடு முழுக்க ஆங்கிலத்தில். கையெழுத்து வைக்கப்போகிறவர் தமிழில் மட்டும் வாசிக்கிற கமக்காரர்.

இனி ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம். 30 அடி அகலம் எங்கேயிருந்து எங்கே? தூணின் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கா, உள்ளுக்கா? வெளியே அளந்தால் தூணின் ஆழம் இரண்டு பக்கமும் உங்கள் இடத்தைச் சாப்பிட்டுவிடும். 12 அடி உயரம் என்றால் எது? கூரை விளிம்பின் உயரமா, அடியில் வாகனம் போகக்கூடிய உயரமா? இந்தச் சட்டகங்களில் தூணும் கைமரமும் சந்திக்கிற மூலையில் இரும்பு தடித்துக் கீழிறங்கும். விளிம்பு 12 அடி இருக்கும், அந்த மூலையில் இராது. மூட்டை ஏற்றின லொறி உள்ளே போகாது. 'படத்தில அப்படித்தானே இருக்கு' என்பார்கள். எந்தப் படம்? முற்பணம் கட்டின பிறகு வந்த படம்.

தகரத்துக்கு வருவோம். சனம் அமானோ என்று பொதுவாகச் சொல்கிற சிங்-அலு சீற்றில் 0.47 என்று அடித்திருக்கும். அது மில்லிமீற்றர். பூச்சோடு சேர்த்து 0.47. பூச்சு இல்லாமல் உள்ளே இருக்கிற இரும்பு வழமையாக 0.42. வர்ணம் பூசின சீற்றில் வர்ணத்தின் தடிப்பையும் கணக்கில் சேர்த்தால் இரும்பு அதிலும் குறையும். இரண்டு கடையில் இரண்டு விலை வருவதற்கு இதுவே ஒரு காரணம்: ஒருவர் இரும்பைச் சொல்கிறார், மற்றவர் மொத்தத்தைச் சொல்கிறார், ஒருவரும் பொய் சொல்லவில்லை. பூச்சிலும் தரம் உண்டு. ஏ-இசட் 150 என்றால் ஒரு சதுர மீற்றர் சீற்றுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு. அதில் 55 வீதம் அலுமினியம், மிச்சத்தில் பெரும்பங்கு நாகம். இதைவிடக் குறைந்த பூச்சுள்ள சீற்றும் சந்தையில் இருக்கிறது. புதிதாக அடித்த அன்று இரண்டும் ஒரே மினுக்கம். கடற்காற்று அடிக்கிற ஊரில் சில வருடம் போனபிறகுதான் வித்தியாசம் தெரியும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடற்காற்று அடிக்காத ஊர் எது? 'நல்ல தரமான தகரம்' என்று எழுதினவருக்கு இது தெரியாதா? தெரியும். அதனால்தான் அப்படி எழுதியிருக்கிறார்.

பேர்லினிலும் இதே விளையாட்டு. 1.5 மில்லிமீற்றருக்குப் பதில் 1.2 போட்டால் இரும்பில் 20 வீதம் குறைகிறது. நிலத்தில் நின்று பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆணி துருப்பிடிக்காத வகையா, வொஷர் வெயிலைத் தாங்குமா, பீலியும் கூரைமுகட்டு மூடியும் விலைக்குள் அடங்குமா, ரோலர் கதவு யார் செலவு, பாரம் இறக்கக் கிரேன் யார் பிடிப்பது, எதுவுமே தாளில் இல்லை. இருக்கிற ஒரே தெளிவான வசனம் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும்: வற் வரி தனி. 2024 தை முதல் அது 18 வீதம். 45 இலட்சத்துக்கு 8 இலட்சத்து 10 ஆயிரம். தையல் நிலையம் தொடங்க நிற்கிற ஒரு பெண்கள் குழுவுக்கு அது சில மெசின்களின் காசு.

காற்றை விட்டுவிட்டுப் போகமுடியாது. 1978 கார்த்திகையில் மட்டக்களப்பை அடித்த சூறாவளிக்குப் பிறகு, பலத்த காற்றுக்குக் கட்டடங்களை வடிவமைப்பதற்கென்று ஒரு கைந்நூல் 1980இல் அரசால் வெளியிடப்பட்டது. அது நாட்டை மூன்று காற்று வலயமாகப் பிரிக்கிறது. சாதாரணக் கட்டடத்துக்கு முதலாம் வலயத்தில் செக்கனுக்கு 49 மீற்றர் காற்று, மூன்றாம் வலயத்தில் 33 மீற்றர் என்று கணக்கெடுக்கச் சொல்கிறது. மட்டக்களப்புக் கரை முதலாம் வலயம். கொழும்பு மூன்றாம் வலயம். காற்றின் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே 33க்கும் 49க்கும் இடையில் இருப்பது ஒன்றரை மடங்கு வித்தியாசம் இல்லை, இரண்டு மடங்குக்கும் மேல். கொழும்பு புறநகரில் ஒரு களஞ்சியத்துக்கு வரைந்த அதே சட்டகத்தை, அதே அடிப்போல்ட்டை, அதே ஆணி இடைவெளியை மட்டக்களப்புக் கரைக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று சொல்ல இஞ்சினியர் தேவையில்லை. கொட்டேசனில் எந்த வலயத்துக்கு வடிவமைத்தது என்று ஒரு வரி போட எவ்வளவு மை செலவாகும்? சூறாவளியை வாழ்ந்து பார்த்த மாவட்டத்தில் கூரை பறப்பது யாரோ ஒருவருடைய 'கருத்துப்பிழை' ஆகாது.

இனி நாள். '6 முதல் 8 வாரம்' என்றால் எந்த நாளிலிருந்து? காசு கட்டினவர் காசு கட்டின நாளிலிருந்து எண்ணுகிறார். கொம்பனி, வரைபடத்தை நீங்கள் அங்கீகரித்த நாளிலிருந்து எண்ணுகிறது. வரைபடம் வர நாலு வாரம். அதில் ஒரு பிழை, திருத்தி வர இன்னும் இரண்டு. பிரதேச சபை அனுமதிக்கும் அதே வரைபடம்தான் வேண்டும், அது வராமல் அங்கேயும் ஒன்றும் நகராது. அடிப்போல்ட்டின் அளவுப்படம் வராமல் மேசன் அத்திவாரம் போடமுடியாது. அத்திவாரம் ஆயத்தமில்லை என்று கொம்பனி ஏற்றிவிடாது. இப்படியே ஆவணியில் காசு கட்டினவர் கார்த்திகையில் வெள்ளம் நிற்கிற கிடங்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார். போன் எடுத்தால், 'அண்ணை, இந்தக் கிழமை ஏத்துறம்.' எந்தக் கிழமை? 'இந்தக் கிழமை.'

இதில் போவது என்ன என்று கொம்பனிக் கணக்கில் வராது. கிளிநொச்சிப் பக்கம் நெல் வைக்கக் கொட்டகைக்கு ஓடர் கொடுத்த ஒருவரின் கணக்கைப் பாருங்கள். அவருக்குக் கொட்டகை தைக்கு முன் வேண்டும். பெரும்போக அறுவடை அதற்குப் பிறகு காத்துநிற்காது. கொட்டகை நின்றால் நெல்லைக் காயவைத்து அடுக்கி விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். நிற்காவிட்டால் வயற்கரையில் ஈரநெல்லாக, லொறியோடு வருகிறவர் சொன்ன விலைக்கு. கொட்டகை சித்திரையில் வந்து இறங்குகிறது என்று வையுங்கள். கொம்பனியின் கண்ணில் மூன்று மாதத் தாமதம், அவருக்கு ஒரு போகம் முழுக்கப் போச்சு. அதோடு முற்பணம் 27 இலட்சம் எங்கேயிருந்து வந்தது? வங்கிக் கடனும் மனிசியின் அடகுவைத்த நகையும். வருடம் 15 வீத வட்டி என்று வைத்தாலும் மாதம் 33,750 ரூபா. நிற்காத கொட்டகைக்கு மாத வாடகை மாதிரி.

'2022ஐ மறந்திட்டியளோ?' என்று கேட்பார்கள். மறக்கவில்லை. அந்தப் பங்குனியில் 200 ரூபாவில் நின்ற டொலர் வைகாசியில் 360ஐத் தொட்டது. எரிபொருள் வரிசை, துறைமுகத்தில் நின்ற கொள்கலன்கள், திறக்கமுடியாத கடன் கடிதங்கள், எல்லாம் உண்மை. அந்த நேரம் கைக்காசு போட்டு ஓடரை முடித்துக் கொடுத்த சின்னப் பட்டறைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் தை மாதம் 60 வீதம் வாங்கிவிட்டு ஆனியில் புதிய விலை கேட்டவர்களிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டியிருந்தது, ஒருவரும் கேட்கவில்லை: அந்த முற்பணத்தில் அன்றைக்கே இரும்பு வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் ஏன் விலை ஏறுகிறது? வாங்கவில்லையென்றால் அந்தக் காசு எங்கே போனது? தொழிலில் இருப்பவர்கள் தேத்தண்ணிக்கடையில் ஒளிக்காமல் சொல்கிற விடை எங்களுக்குத் தெரியும். புதிதாக ஓடர் கொடுத்தவரின் முற்பணத்தில் பழைய ஓடர் முடிகிறது. இன்றைக்கு டொலர் ஓரளவு அமைதியாக நிற்கிறது, பழக்கம் போகவில்லை. 2022 ஒரு காரணமாக இருந்தது, இப்போது அது ஒரு சாட்டு.

எங்கள் பக்கத்திலும் ஒரு வருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை அரைவாசிதான். 'எங்கட ஆள் தானே, எழுத்தெல்லாம் என்னத்துக்கு?' என்கிற பழக்கம். எழுதிக் கேட்டால் நம்பிக்கையீனம் என்று எடுத்துக்கொள்வார்களாம். ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே கோயில் உபயம் என்று தொடங்கின வியாபாரம் நீதிமன்றம்வரை போய் இரண்டு குடும்பம் ஒன்றையொன்று பாராமல் போவதைவிட, முதல்நாளே மூன்று பக்கம் எழுதுவது எவ்வளவோ மரியாதை. அடுத்தது வெளிநாட்டுக் காசு. ரொறன்ரோவில் இருக்கிற தமையன் காசு போடுகிறார். கொட்டேசன் வட்ஸ்அப்பில் அவருக்குப் போகிறது. கொம்பனி அவரோடுதான் கதைக்கிறது, அவருக்கு வண்ணப்படம் அனுப்புகிறது, அவரிடமே கூடுதல் காசு கேட்கிறது. தகரத்துக்குக் கீழே நிற்கப்போகிற தங்கச்சிக்கு ஒரு தாளும் வருவதில்லை. சீற் மெல்லிசாக இருக்கிறது என்று அவள் சொன்னால், 'அண்ணையோட கதைச்சு முடிச்சாச்சு, தங்கச்சி.' காசு கொடுக்கிறவர் சாமானைப் பார்ப்பதில்லை. சாமானைப் பார்க்கிறவருக்குக் கதைக்க உரிமை இல்லை.

இந்த இடத்தில்தான் எங்களுக்குப் பொருத்து வீடு ஞாபகம் வருகிறது. ஒரு கொட்டகைச் சண்டைக்குள் அதை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். காசு ஒருவர், தீர்மானம் ஒருவர், கூரைக்குக் கீழே இன்னொருவர் என்கிற அதே ஒழுங்கு, அங்கே ஒரு அரசின் அளவில் நடந்தது.

2015இல் மீள்குடியேற்ற அமைச்சு, அமைச்சர் டி. எம். சுவாமிநாதனின் காலத்தில், வடக்குக் கிழக்கில் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்று அறிவித்தது. ஆர்சலர் மிட்டல் நிறுவனம் தெரிவாகியது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதற்குச் சற்று முந்தி வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 5 இலட்சத்து 50 ஆயிரம். மாதிரி வீடுகளை நிமிர்த்திக் காட்டினார்கள். சனம் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தது. பொறியியலாளர்களும் ஆய்வாளர்களும் அத்திவாரத்தைப் பற்றி, கூரையைப் பற்றி, துருவைப் பற்றி, பிறகு ஒரு அறை கூட்டிக் கட்டலாமா என்பது பற்றி, உடைந்தால் ஊர் மேசனால் திருத்தமுடியுமா என்பது பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அமைச்சு எல்லாவற்றையும் மறுத்தது. வீட்டோடு தளபாடமும் வருகிறது என்று சொன்னார்கள். விறகடுப்பு எரிக்கிற சமையலுக்கு இந்த வீடு எப்படி என்று கேட்டவருக்குக் கட்டிலைக் காட்டினால் அது என்ன பதில்? எதிர்ப்புக் கூடக்கூட விலையும் தொகையும் மாறின. கடைசியில் சொன்ன 65,000 நடக்கவில்லை.

நாங்கள் பேசவந்தது விலையைப் பற்றி மட்டும் இல்லை. அந்த வீடுகளின் விவரக்குறிப்பை யாருக்காக எழுதினார்கள்? இருக்கப்போகிற குடும்பத்துக்காக இல்லை. அவர்கள் 'பயனாளி'. பயனாளிக்கு விவரக்குறிப்பு கொடுக்கிற வழக்கம் இல்லை, திறப்புவிழாவுக்கு அழைக்கிற வழக்கம்தான் உண்டு. இந்திய வீட்டுத்திட்டத்தில் குறை இல்லாமலில்லை. காசு போதாமல் கடன்பட்டு முடித்த குடும்பங்கள் ஏராளம். ஆனாலும் அதில் ஒரு நல்ல விடயம் இருந்தது. காசு கட்டம் கட்டமாக, வேலை நடந்ததைப் பார்த்து வந்தது. மேசனைப் பிடித்ததும் கல்லைப் பார்த்து வாங்கினதும் வீட்டுக்காரர். 'இந்தச் சீமெந்து சரியில்லை' என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் நுகர்வோர் என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? காசுக்கு வழங்கப்படுகிற பொருளையோ சேவையையோ உண்மையில் பயன்படுத்துகிறவரையும், பயன்படுத்தக்கூடியவரையும். காசு கொடுத்தவரை மட்டும் இல்லை. அதாவது தமையன் காசு போட்டாலும் தங்கச்சியும் நுகர்வோர். இதை ஒவ்வொரு கொட்டகைக் கொம்பனியின் சுவரிலும் ஒட்டவேண்டும்.

அந்தச் சட்டத்தை நாங்கள் கொண்டாடவும் இல்லை. விற்பனை தொடர்பான முறைப்பாட்டை விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அரிசிக்கும் மின்விசிறிக்கும் அது போதும். காசு கட்டி ஐந்து மாதத்தில் அரைவாசியாக வந்து இறங்குகிற கொட்டகைக்கு எந்த நாள் விற்பனை நாள்? பற்றுச்சீட்டு எழுதின நாளா, லொறி வந்த நாளா, கடைசி ஆணி அடித்த நாளா? அந்தத் தர்க்கம் முடிவதற்குள் இன்னொரு மாரி வந்துவிடும். 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் விவரித்தபடி பொருள் இருக்கவேண்டும் என்கிறது, நாள் குறிக்காவிட்டால் நியாயமான காலத்துக்குள் ஒப்படைக்கவேண்டும் என்கிறது. நல்லது. விவரிப்பே இல்லாத இடத்தில் எதோடு ஒப்பிடுவது? அதோடு நிலத்தில் நிமிர்த்தின கட்டடம் 'பொருளா', 'வேலையா' என்று சட்டத்தரணிமார் இரண்டு தவணை அடிபடலாம். 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. அச்சடித்த ஒருதலை நிபந்தனைகள் நியாயமானவையா என்று நீதிமன்றம் பார்க்க அது இடம் கொடுக்கிறது. ஆனால் சட்டம் இருக்கிறது என்பதற்காக ஒரு கமக்காரர் மாவட்ட நீதிமன்றத்துக்கு எத்தனை வருடம் நடப்பார்? கொம்பனிக்கு அந்தக் கணக்கும் தெரியும்.

எங்களுக்குக் கூடிய எரிச்சல் தருவது வேறொன்று. இதே கொம்பனிகள் அரசாங்கத்துக்கு ஒரு பாடசாலை மண்டபமோ களஞ்சியமோ கட்டும்போது, நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் மாதிரி ஒப்பந்தங்களில் கையெழுத்து வைக்கிறார்கள். அதில் வரைபடம் இருக்கிறது, விவரக்குறிப்பு இருக்கிறது, முற்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் இருக்கிறது, பிந்தினால் நாளுக்கு இவ்வளவு நட்டஈடு என்று இருக்கிறது, குறைபாடு திருத்தும்வரை ஒரு பகுதிக் காசைப் பிடித்துவைக்கிற ஏற்பாடும் இருக்கிறது. ஆக, எழுதத் தெரியாமல் இல்லை. திணைக்களத்துக்கு எழுதுகிற கை கமக்காரருக்கு எழுதும்போது மட்டும் ஒரு பக்கத்தோடு ஓய்ந்துபோகிறது.

இதைப் பெரிதாகக் கேட்கவில்லை நாங்கள். கால்வாசியைக் கமக்காரருக்கும் கொடுங்கள். வரைபடத்துக்கு வேண்டுமென்றால் தனிக் காசு வாங்குங்கள், சின்னத் தொகையாக, ஆனால் பெரிய முற்பணத்துக்கு முதல் அந்த வரைபடம் கையில் வரவேண்டும், தமிழில் குறிப்போடு. சீற்றின் இரும்புத் தடிப்பு, பூச்சின் தரம், பேர்லினின் தடிப்பும் இடைவெளியும், காற்று வலயம், உள் உயரம், இவை எழுத்தில். மிச்சக் காசு இரும்பு இறங்கினதும் ஒரு பங்கு, சட்டகம் நின்றதும் ஒரு பங்கு, தகரம் அடித்ததும் ஒரு பங்கு, ஒரு மழை பார்த்த பிறகு கடைசிப் பங்கு. நாள் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதும், பிந்தினால் கிழமைக்கு எவ்வளவு கழிக்கலாம் என்பதும். வாங்குகிறவருக்கும் இது கட்டுப்பாடுதான். சட்டகம் வெட்டின பிறகு கதவை மேற்குப் பக்கம் மாற்று என்று சொல்கிற எங்கள் பெரியப்பாமாரையும் அந்தத் தாளே நிறுத்தும். அத்திவாரம் பிந்தினால் அந்தக் கிழமை அவர்களுடைய கணக்கில் போகும். சரிதானே?

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லொறி வந்து நிற்கிற அன்றைக்குச் சாமான் இறக்க முதல் சீற்றின் ஓரத்தை மைக்ரோமீற்றரால் அளவுங்கோ. இருபது சீற்றை அளக்கத் தேவையில்லை, இரண்டு மூன்று போதும், படம் எடுத்து வையுங்கோ. அந்தக் கருவி ஊரில் உள்ள கடைசல் பட்டறையில் இருக்கும், கேட்டால் தருவார்கள். கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஆளுக்கொரு கருவி வாங்கி வைத்தால் செலவு ஒரு கூட்டத்துக்கு வாங்குகிற சிற்றுண்டியோடு போய்விடும். அளந்தது குறைந்தால் இறக்கவிடாதேயுங்கோ. இறக்கினபிறகு கதைக்கிற கதைக்குப் பெறுமதி இல்லை.

இப்படியெல்லாம் எழுதினால் விலை ஏறும் என்று சொல்வார்கள். ஏறலாம். 1.2ஐ 1.5 ஆக்கினால் இரும்புக்குக் காசு போகத்தான் வேண்டும். எவ்வளவு ஏறும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதித் தாருங்கள், வாங்குவதா விடுவதா என்பதை வீட்டில் இருந்து கதைத்துவிட்டுச் சொல்கிறோம்.